வெள்வேல மரத்துக்குக் கிழக்கே

பிப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை 6.40. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் பட்டுக்கோட்டை வண்டியின் மூன்றாவது இருக்கையில் நானும் கல்பனாவும் உட்கார்ந்திருந்தோம். திருச்சியிலிருந்து ஐந்து மணி வண்டியில் கிளம்பி வந்தவர்கள் நாங்கள். என் துணிப்பையில் ஒரு கைலென்ஸ், கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள் கட்டு, தண்ணீர் பாட்டில். கல்பனாவின் தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு கிரயப் பத்திரத்தின் நகல்.

கல்பனா எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நான் அதே கல்லூரியில் தாவரவியல் துறை. உலர்த்தி ஒட்டிய செடிகளைப் பாதுகாக்கும் அறையை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றாக மதிய உணவு சாப்பிடுகிறவர்கள் என்ற அளவில் பழக்கம். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"மேடம், ஒரு மரத்தைப் பாத்து அது வெள்வேலா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். அதனால்தான் இந்தப் பயணம்.

வண்டி கிளம்பியதும் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பேராவூரணிக்குப் பக்கத்தில் அவருடைய தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அதில் கிழக்குப் பாதியைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குத் தாத்தா விற்றிருக்கிறார். சொத்து விவரம் சொல்லும் தபசிலில் எல்லை இப்படி எழுதப்பட்டிருந்தது: "வாய்க்கால் கரையில் நிற்கும் வெள்வேல மரத்துக்கு நேர் வடக்கு தெற்காகக் கிழக்கே உள்ள பூமி." அளந்து கல் நட்டதில்லை. பட்டாவும் கூட்டாகவே இருக்கிறது. மரம்தான் எல்லை.

"இப்ப அந்தக் கரையில ரெண்டு இடத்துல மரம் இருக்கு. கிழக்க ஒரு பெரிய மரம். அதுதான் வெள்வேல்னு எங்கப்பா சொல்லுவார். மேக்க இருந்த மரம் புயல்ல முறிஞ்சு போச்சு, கட்டை மட்டும்தான் கிடக்கு. அந்தக் கட்டைதான் வெள்வேல்ங்கிறார் சவரிமுத்து அண்ணன். ரெண்டுக்கும் நடுவுல நாப்பது அடி."

"அந்த நாப்பது அடில என்ன இருக்கு?"

"ஒரு போர்வெல். பதினோரு தென்னை."

சவரிமுத்து என்பவர் நிலத்தை வாங்கியவரின் மகன். தென்னைகள் அவர் வைத்தவை. ஆழ்குழாய்க் கிணறும் அவர் போட்டது. கல்பனா தன் பங்கை விற்கப் போகிறார். அவருடைய மகளுக்கு இந்த வருடம் கல்லூரிச் சேர்க்கை. வாங்க வந்தவர், கிணறு இருக்கும் துண்டோடு சேர்த்துத்தான் விலை பேசியிருக்கிறார். நிலஅளவையர் வந்து பார்த்துவிட்டு, "மரம் எதுன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, கல்லை நான் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இவ்வளவையும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். வண்டி ஏறிய பிறகு சொன்னார். கேட்டதும் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தலைக்கு முப்பத்தாறு ரூபாய்.

7.25, ஒரத்தநாடு. தஞ்சையிலிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர். வழிநெடுக அறுவடை முடிந்த வயல்கள். வைக்கோலை உருளையாகக் கட்டி வரப்போரம் வைத்திருந்தார்கள். சில வயல்களில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. ஒரு பெண் கூடையில் கொடுக்காப்புளி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நூறு கிராம் நாற்பது ரூபாய். வாங்கினேன். சிவந்து சுருண்ட காய்க்குள் வெள்ளைச் சதை, நடுவில் கறுப்பு விதை.

"இதுவும் முள்ளு மரம்தான்" என்று கல்பனாவிடம் சொன்னேன். "அவரை, துவரை மாதிரி காய் காய்க்கிற குடும்பம். நாம பாக்கப் போற மரமும் அதேதான்."

"எல்லாத்துக்கும் ஒரே முள்ளு, ஒரே இலை. எதை வச்சுப் பிரிப்பீங்க?"

நல்ல கேள்வி. வண்டி மறுபடி கிளம்பியபோது வாய்க்கால் கரைகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். கரை முழுக்க நெருக்கமாக நிற்பது சீமைக்கருவேல். சிறு கிளைகள் நேராகப் போகாமல் கணுவுக்குக் கணு ஒடிந்து திரும்பும். பூ, பூனை வால் மாதிரி நீளமாக இருக்கும். காய் மஞ்சளாக, பீன்ஸ் மாதிரி. நாட்டுக் கருவேலுக்குப் பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். பூ மஞ்சள் உருண்டை. காய், மணி கோத்த சாம்பல் நிறச் சங்கிலி. இரண்டு மணிக்கு நடுவே நன்றாக இறுகியிருக்கும். வெள்வேலுக்குப் பட்டை வெளுப்பு. பூ இளமஞ்சள், கிளை நுனியில் கொத்துக் கொத்தாக. காய் தட்டையாக, லேசாக வளைந்து, இறுக்கம் இல்லாமல் இருக்கும். குடை விரித்தது போல மேலே தட்டையாக நின்றால் உடைமரம். கோயில்களில் பார்க்கும் வன்னியில் முள் ஜோடியாக இல்லாமல் கிளை நெடுக அங்கங்கே சின்னதாக இருக்கும்.

"பேரெல்லாம் புஸ்தகத்துல ஒண்ணாத்தான் இருக்குமா?"

"மாத்திக்கிட்டே இருக்காங்க. நான் படிச்சப்ப கருவேலும் வெள்வேலும் அக்கேசியா. இப்ப வச்செல்லியா. வன்னியும் சீமைக்கருவேலும் ஒரே பேரினம்னு படிச்சேன், அதையும் இப்பப் பிரிச்சுட்டாங்க."

கல்பனா சிரித்தார். "அப்ப பத்திரத்துல தமிழ்ல எழுதினது நல்லதாப் போச்சு."

8.20, பட்டுக்கோட்டை. இரண்டு இட்லி, ஒரு காபி. பேராவூரணி வண்டி 8.45க்கு. இந்தப் பக்கம் வந்ததும் நெல் குறைந்து தென்னை கூடுகிறது. தோப்புகளில் பாதி மரங்கள் ஒரே உயரம், ஒரே வயது. புயலுக்குப் பிறகு வைத்தவை என்று யாரும் சொல்லாமலே தெரியும். 9.30க்குப் பேராவூரணி. அங்கிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். என் பையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"முள்ளு மரத்துக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்களுக்கெல்லாம் டயர்ல ஏறினா முள்ளு, அடுப்புல வச்சா விறகு. அவ்ளோதாங்க."

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

10.05. வாய்க்கால் கரை. ஜனவரி கடைசியிலேயே ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டதால் வாய்க்காலில் ஈரமணல் மட்டும் இருந்தது. சவரிமுத்துவும் அவர் மனைவி அமலோற்பவமும் முன்பே வந்து காத்திருந்தார்கள். சவரிமுத்துவுக்கு அறுபது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. கழுத்தில் சின்ன சிலுவை. கல்பனாதான் முந்தைய நாள் தொலைபேசியில் தகவல் சொல்லியிருந்தார். நான்கு வருடத்தில் முதல் பேச்சு அதுதானாம்.

"வாங்க" என்றார் சவரிமுத்து, இருவருக்கும் பொதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க கல்பனாம்மா கூட வந்தவங்க. ஆனாலும் உள்ளதைச் சொல்லுவீங்கன்னு நம்புறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்பனா தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் கிழக்கு மரம். நான்கு ஆள் உயரத்துக்கு மேல், நல்ல அகலமான தலை. இருபதடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டை கறுத்து, விரல் நுழைகிற ஆழத்துக்கு நெடுக வெடித்திருந்தது. கீழே காய்கள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். மணிச் சங்கிலி. சந்தேகமே இல்லை, கருவேல்.

கல்பனா ஒரு தாழ்ந்த கிளையை இழுத்துக் காட்டினார். "மேடம், முள்ளைப் பாருங்க. எவ்வளவு வெள்ளையா இருக்கு. இதனாலதான அப்பா வெள்வேல்னு சொன்னார்?"

முள் வெள்ளைதான். கட்டைவிரல் நீளத்துக்கு, சுண்ணாம்பு தடவினது போல. ஆனால் கருவேலுக்கு முள் அப்படித்தான் இருக்கும். பெயரில் உள்ள கருப்பும் வெளுப்பும் பட்டைக்கு, முள்ளுக்கு அல்ல. இதைச் சொன்னேன். காயைக் காட்டினேன். கல்பனாவின் முகம் மெல்லச் சுருங்கியது. சவரிமுத்து மண்வெட்டிக் காம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாற்பது அடி மேற்கே நடந்தோம். இடையில் பதினோரு தென்னை. முதல் பாளை வெடித்துக் குரும்பை பிடித்திருந்தது. கட்டை, முழங்கால் உயரத்தில் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. பட்டை முழுக்க உதிர்ந்து, கரையான் மண் பூசியிருந்தது. பட்டையும் இல்லை, காயும் இல்லை, பூவும் இல்லை. கட்டையைச் சுற்றி ஆளுயரத்துக்குச் சில துளிர்கள் நின்றன.

உயரமானதைப் பிடித்தேன். கிளை கோணல் மாணலாகத் திரும்பியது. இலையில் இரண்டே ஜோடிப் பிரிவு. சிற்றிலைகள் இடைவெளி விட்டு, நீளமாக.

"இது சீமைக்கருவேல்" என்றேன்.

கல்பனா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்ப ரெண்டுமே வெள்வேல் இல்ல. அப்படித்தானே மேடம்? மறுபடி உக்காந்து பேசித்தான் ஆகணும்."

சவரிமுத்து மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "டீச்சர், எங்கப்பா காலத்து மரம் அது. அப்ப சீமைக்கருவேல் இந்தப் பக்கம் இவ்ளோ ஏது?"

நான் பதில் சொல்வதற்குள் அமலோற்பவம் முன்னால் வந்தார்.

"நீங்க புடிச்சிருக்கிறது வேற, அது வேற டீச்சர். அதை எங்க ஆடு மோந்துகூடப் பாக்காது. ஆட்டுக்கு நான் வருசா வருசம் ஒடிக்கிறது இதை." கட்டையின் மறுபக்கம் போய், குட்டையாக, பலமுறை ஒடிக்கப்பட்டுப் புதர் போலிருந்த ஒரு துளிரைத் தொட்டார். "ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்குது. வேரைப் பாருங்க."

இருபத்தாறு வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்லிவரும் முதல் பாடம் அது. கையில் இருக்கிற கிளையை மட்டும் பார்க்காதே, அது எங்கிருந்து வருகிறது என்று பார். நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அங்கேயே யோசித்தேன். கிழக்கு மரத்தைப் பற்றிச் சொன்னபோது கல்பனாவின் முகம் போன போக்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு ஒரு வழி கிடைத்தால் நல்லது என்று மனதில் எங்கோ நினைத்திருக்கிறேன். வேறு காரணம் தெரியவில்லை.

"தோண்டிப் பாத்துடலாம்" என்றேன்.

10.40லிருந்து அரை மணி நேரம் சவரிமுத்து மண்ணை எடுத்தார். நானும் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணை விலக்கினேன். சீமைக்கருவேல் கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தனி ஆணிவேரோடு இருந்தது. இலையைத் தொடாவிட்டாலும் அதன் காயை ஆடு தின்னும்; அப்படிப் புழுக்கையில் வந்து முளைத்த விதை. குட்டைத் துளிரின் அடி, கட்டையின் பக்கவேரிலிருந்தே கிளம்பியிருந்தது. வேரும் துளிரும் ஒரே மரம், தையல் இல்லாத துணி மாதிரி.

அந்தத் துளிரிலிருந்து முற்றிய இலை ஒன்றைக் கத்தரித்தேன். ஒன்பது ஜோடிப் பிரிவுகள், நெருக்கமான பொடிச் சிற்றிலைகள். கருவேலிலும் சில சமயம் ஏறத்தாழ இத்தனை வரும். அதனால் லென்ஸை எடுத்தேன். நடுக்காம்பில், பிரிவுகள் சேரும் இடங்களில் ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணம் போன்ற சுரப்பிகள் வரிசையாக இருந்தன. கருவேலில் அவை அடியில் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்றிரண்டு என்றுதான் இருக்கும். இளந்தண்டின் தோலும் வெளுப்பு. கிழக்கு மரத்திலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"முதல்ல நான் சொன்னது தப்பு. இந்தக் கட்டை வெள்வேல். கிழக்க நிக்கிறது கருவேல். மரம் என்னங்கிறதுதான் என்னால சொல்ல முடியும். பத்திரத்துல எழுதின மரம் இதுதானான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

கல்பனா லென்ஸைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு இலைகளையும் வாங்கி, வெயில் பக்கம் திரும்பி நின்று, ரொம்ப நேரம் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதால் அவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கும்.

"கரையில வேற எங்கயும் வெள்வேல் இருந்துச்சா அண்ணே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்."

அமலோற்பவம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லிடுங்களேன்" என்றார் கணவரிடம்.

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "வெள்வேல் பட்டையைத்தான் டீச்சர் அந்தக் காலத்துல சாராயத்துக்கு ஊறப் போடுவாங்க. ராவோட ராவா யாராச்சும் வந்து இந்த மரத்துல உரிச்சுட்டுப் போயிடுவாங்க. கிழக்க நிக்கிற மரத்துப் பக்கம் ஒருத்தனும் போனதில்ல. பட்டை உரிச்ச தழும்பு, முறிஞ்சு விழுறவரைக்கும் இதுல இருந்துச்சு. தாலுக்கா கச்சேரியில போயி இதை எப்படி சாட்சியா சொல்றது? உரிச்சவன் யாருன்னு கேப்பான்ல!"

நான் சிரித்துவிட்டேன். கல்பனா சிரிக்கவில்லை. ஆனால் "எங்க பெரியப்பா பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கும்" என்றார், இலைகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி. முடிவாக எதுவும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று மட்டும் சொன்னார். இரண்டு மரத்திலும் ஒரு சிறு கிளையை வெட்டிச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன். அதே ஆட்டோ 12.15க்கு வந்தது.

திரும்பும் வழியில் ஒரத்தநாடு தாண்டியதும் கல்பனா கேட்டார்:

"அப்பா தெரிஞ்சே பொய் சொன்னார்னு அவங்க நினைச்சிருப்பாங்களா மேடம்?"

"நிறையப் பேர் முள்ளைப் பாத்துத்தான் பேர் சொல்றாங்க. உங்கப்பாவும் அப்படித்தான் பாத்திருப்பார்."

"நீங்க முதல்ல சொன்னதோட விட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் ஒருவர் சொல்வது போலச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கரை நெடுகச் சீமைக்கருவேல் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சியில் இறங்கியபோது மாலை 5.10. நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டு வந்திருக்கிறேன். என் வீட்டு எதிரே இருக்கும் காலி மனையிலும் முள் மரங்கள் உண்டு. பதினெட்டு வருடமாகக் கடந்து போகிறேன், என்ன மரம் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அந்த மனையை நம்பி எங்கள் தெருவில் யாரும் ஆடு வளர்க்கவில்லை, யாருடைய பத்திரமும் அதில் முடியவில்லை. கடைமடையில் ஒரு துளிரை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது ஒரு பெண்ணுக்குத் பழகிய வேலை. நான் லென்ஸ் வைத்துக் கண்டதை அவர் கை முன்பே கண்டிருந்தது. வெள்வேல் கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டியபோது, சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரோடு அமலோற்பவத்தின் பெயரையும் எழுதினேன்.

அடுத்த மூன்று வாரம் கல்பனா மதிய உணவுக்கு வரவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. நட்பு போயிற்று என்றே நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன் மேடம். சர்வேயர் வந்தார். கல்லு போட்டாச்சு."

"எங்க?"

"கட்டைகிட்டத்தான். போர்வெல் இல்லைன்னதும் வாங்கறவர் விலையைக் குறைச்சுட்டார். பரவால்ல, லோன் போட்டுச் சமாளிச்சுக்கலாம்." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "கட்டை மேலயே கல்லு நடணும்னார் சர்வேயர். நட்டா அந்தத் துளிர் நசுங்கிடும். அமலோற்பவம் அக்கா பதறிப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு முழம் தள்ளி நடச் சொன்னோம்."

"எந்தப் பக்கம் தள்ளி?"

கல்பனா என் மேசையில் இருந்த லென்ஸை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"என் பக்கம்தான்" என்றார்.